பீரோவுக்குள்ளே லைட்: வண்ணாரப்பேட்டைக் கடையில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஸ்விட்ச், வயர், ஃபேன் கெபாசிட்டர் விற்கிற சாதாரணக் கடைதான். எல்இடி பட்டைகள் மலிந்த பிறகு, பீரோவுக்குள்ளும் நகை வைக்கிற இரும்பு லாக்கருக்குள்ளும் லைட் போட வழி கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர் வாயிலிருந்து வந்தபடியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். இதில் பீரோ என்றால் தகடு பீரோ. லாக்கர் என்றால் தடித்த சுவரும் கனத்த கதவும் உள்ள இரும்புப் பெட்டி.

"பீரோவுக்குள்ள லைட்டு எதுக்குணா? செல்லுல டார்ச் அட்ச்சா தெரியாதா?"

தெரியும். ஆனால் ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாவிக்கொத்து என்றால் நகை டப்பாவை எதால் திறப்பது? நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பீரோ நிற்பது நடு அறையில், ஜன்னல் இல்லாத மூலையில். டியூப் லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும். கதவைத் திறந்து நின்றால் உங்கள் நிழல்தான் தட்டின் மேல் விழும். கம்மல் திருகாணி ஒன்று உள்ளே உருண்டு போனால் அன்றைக்குப் பொழுது போச்சு.

பீரோவுக்கு நேர் எதிரே ஜன்னலோ லைட்டோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அப்படி வந்தவர்களை ஒன்றும் விற்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"எந்த லைட் வாங்கட்டும்? ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி, குழப்பாத."

பின்பக்கம் காந்தம் உள்ள, சார்ஜ் ஏற்றிக்கொள்கிற, ஆள் அசைவுக்கு எரிகிற நீளப் பட்டை லைட். ஒரு முழம் நீளம் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ட்ரில் இல்லை, வயர் இல்லை, வாடகை வீடு மாறினால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். வாங்கும்போது அதில் மூன்று நிலை சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்: நிறுத்தம், எப்போதும் எரிதல், சென்சார். மலிவு மாடல்கள் சிலவற்றில் நிறுத்தும் வசதியே இருக்காது. சார்ஜ் போடும்போது லைட்டைக் கழற்றி வெளியே வைத்துப் போடுங்கள்.

பீரோவோ சிறிய லாக்கரோ இருக்கிற பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை. கீழே வருகிற ஸ்ட்ரிப் (நாடா மாதிரி வெட்டி ஒட்டுகிற எல்இடி), அடாப்டர் கதையெல்லாம் ஆள் உயர லாக்கர் வைத்திருப்பவர்களுக்கும், ஒரு நாளில் பல தடவை திறந்து மூடுகிற சௌகார்பேட்டை அடகுக்கடைக்காரர்கள் போன்றவர்களுக்கும்தான்.

"மேல நடுவுல ஒட்டிட்டா போதும்ல?"

போதாது. பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் ஒட்டுகிறார்கள். மேல்தட்டு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். அந்தத் தட்டே கீழே உள்ளதற்கெல்லாம் கூரையாகி ஒளியை மறைத்துவிடும். பீரோவுக்குள் நகை வைக்கிற சின்னப் பூட்டு அறை பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. அங்கே ஒன்றும் தெரியாது.

லைட் போக வேண்டிய இடம் முன்பக்க ஓரம். கதவைத் திறந்ததும் இடது வலது பக்கங்களில் தகடு உள்ளே மடிந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு உதடு இருக்கும். அந்த உதட்டின் உள்பக்கம், பின்சுவரைப் பார்த்தபடி, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். எல்லாத் தட்டுக்கும் ஒளி போகும், பல்பு நேராகக் கண்ணில் குத்தாது, உங்கள் நிழலும் விழாது. ஒற்றைக் கதவு, ஒரு பட்டைதான் இருக்கிறது என்றால் கீல் இல்லாத பக்கம் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் கதவை மூடித் திறந்து பார்த்துவிடுங்கள். பூட்டின் கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில் லைட் இருந்தால் முதல் நாளே நசுங்கிவிடும்.

"டேப்பு ரெண்டு வாரத்துல உரிஞ்சுக்கினு வந்துடுது. இன்னா பண்றது?"

பீரோ பெயின்ட் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சும் தூசும் இருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்ட்ரிப்பாக இருந்தால் அலுமினிய சேனலுக்குள் போட்டு, சேனலை ஒட்டுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஸ்ட்ரிப்போடு வருகிற மெல்லிய டேப் நிற்காது.

"கதவ தொறந்தா தானா எரியணும், மூடினா தானா அணையணும். எந்த சென்சார் நல்லது?"

மூன்று வகை உண்டு. முதலாவது அசைவு சென்சார். உடம்புச் சூட்டின் அசைவைப் பார்த்து எரியும், அசைவு நின்றால் அரை நிமிடம் போல எரிந்துவிட்டு அணையும். மாட்டுவது சுலபம். ஆனால் ரசீதுக் கட்டை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு அசையாமல் நின்றால் அணைந்துவிடும்.

இரண்டாவது காந்த சுவிட்ச். கதவில் காந்தம், சட்டத்தில் சுவிட்ச். இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். காந்தத்தை நேராக இரும்பின் மேல் ஒட்டினால் அதன் வீச்சை இரும்பே இழுத்துக்கொள்ளும், சுவிட்ச் வரை எட்டாது. நடுவில் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். அடுத்தது, திருட்டு அலாரத்துக்கு விற்கிற காந்த சுவிட்ச்களில் பல, காந்தம் பக்கத்தில் வந்தால் இணைப்புக் கொடுக்கிற வகை. அதை மாட்டினால் கதவு மூடியிருக்கும்போது எரியும், திறந்தால் அணையும்! வாங்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். காந்தம் விலகும்போது பீப் அடித்தால் அதுதான் நமக்கு வேண்டியது.

மூன்றாவது, பிரிட்ஜ் கதவில் இருப்பது போன்ற அழுத்து சுவிட்ச். கதவு அழுத்தினால் அணையும், விட்டால் எரியும். என் ஓட்டு இதற்குத்தான். காத்திருக்கும் நேரத்தில் பேட்டரியைத் தின்னாது, கூடுதல் கரண்டையும் தாங்கும். ஒரே சிரமம், கதவு சரியாக அதன் மேல் வந்து அழுத்தும்படி தாங்கியை வளைத்து மாட்ட வேண்டும்.

"பகல்ல தொறந்தா எரிய மாட்டேங்குது. பீஸ் போச்சா?"

போகவில்லை. அசைவு சென்சார் லைட்டில் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு சின்னக் கண்ணும் இருக்கும். அறையில் வெளிச்சம் இருந்தால் அது லைட்டை எரிய விடாது. வராண்டாவுக்கும் படிக்கட்டுக்கும் அது சரி. பீரோவில் அறை வெளிச்சமாக இருந்தும் உள்தட்டு இருட்டாக இருக்கும், அந்தக் கண்ணுக்கு அது தெரியாது. லைட்டை உள்பக்கம் பார்த்துத் திருப்பி ஒட்டுங்கள். அப்படியும் எரியவில்லை என்றால் அந்தக் கண்ணின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் மிளகு அளவு வெட்டி ஒட்டுங்கள். பக்கத்தில் இருக்கிற வெள்ளைக் குமிழின் மேல் ஒட்டிவிடாதீர்கள். அசைவைப் பார்ப்பது அதுதான்.

"மூடின பிறகு உள்ள எரியுதா அணைஞ்சுதானு எப்பிடிப்பா தெரியும்?"

இன்னொருவர் போனை வாங்கி, வீடியோ ஓடவிட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள், வீடியோ இருட்டாகியிருக்க வேண்டும். டிஜிட்டல் லாக்கர் என்றால் அவசரச் சாவி வெளியே கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

"பேட்டரி எத்தினி மாசம் வரும்?"

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண டபுள் ஏ ஆல்கலைன் பேட்டரி மூன்றை வரிசையாகப் போடுகிற லைட். கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர்-மணி என்று வையுங்கள். எரியும்போது 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, நீங்கள் தினமும் நான்கு நிமிடம் திறந்து வைக்கிறீர்கள். ஒரு நாள் செலவு 7-க்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் 300 நாள் வர வேண்டும்.

வராது. அசைவு சென்சார் நீங்கள் தூங்கும்போதும் விழித்திருக்கிறது. அது 0.1 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தாலும் 24 மணி நேரத்தில் 2.4 போய்விடும். இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 9, ஆக சுமார் 220 நாள். அழுத்து சுவிட்சுக்கு மேலே ஓட்டுப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஆல்கலைன் பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளேயே கிடந்தால் கசியும். அந்த வெள்ளைப் பொருக்கு காரம், பட்டுச் சேலை மேல் பட்டால் பட்டு போச்சு. பேட்டரி லைட்டுக்கு நேர் கீழே துணி வைக்காதீர்கள். வெளியூருக்கு மாதக்கணக்கில் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

"பழைய பவர் பேங்க் கீது. உள்ள வச்சு யுஎஸ்பி ஸ்ட்ரிப் சொருகிடலாமா?"

வேண்டாம். பல பவர் பேங்க்குகள் கரண்ட் இழுப்பு குறைந்தால் தாங்களாகவே அணைந்துகொள்ளும். மூடிய பிறகு சுவிட்ச் லைட்டை அணைக்கும், பவர் பேங்க்கும் தூங்கப் போகும், மறுநாள் திறந்தால் லைட் வராது. அது சின்னத் தொல்லை. பெரிய விஷயம், உப்பிப்போன பழைய லித்தியம் பேட்டரியைப் பத்திரமும் பணமும் இருக்கிற மூடிய பெட்டிக்குள் வைப்பது. நெருப்பிலிருந்து காப்பாற்ற வாங்கிய பெட்டிக்குள்ளேயே நெருப்புக்கு விதை போட வேண்டுமா?

"அப்ப நேரா கரண்ட் லைன் இழுத்து சின்ன பல்பு போட்டுக்கறேன்."

இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் போகவே கூடாது. வயரின் தோல் தகட்டு முனையில் ஒரு இடத்தில் உரசிக் கிழிந்தால் பீரோ முழுக்கக் கரண்ட் பாயும். தொடுகிறவர் வெறுங்காலில், மழைக்கால ஈரத் தரையில் நிற்பார். இதில் பேரத்துக்கு இடமில்லை. அடாப்டர் வெளியே, உள்ளே போவது 12 வோல்ட் அல்லது 5 வோல்ட் மட்டும். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற சுவிட்ச்) இல்லை என்றால், லைட்டுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

அடாப்டரைத் தரையோரப் பிளக்கில் சொருகாதீர்கள். 2015 மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு பிளக் பாயின்ட் பாருங்கள்.

"லாக்கர்ல ட்ரில் போட்டு வயர் விடலாமா?"

தகடு பீரோவுக்கு ஆம். பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதில் ரப்பர் வளையம், அதற்குள் வயர். ரப்பர் இல்லாமல் விட்டால் தகட்டின் கூர்முனை நாளடைவில் வயரை அறுத்துவிடும். துளையின் விளிம்பில் பெயின்ட் தொட்டு வையுங்கள், துரு ஏறாது.

லாக்கருக்கு இல்லை. நெருப்புத் தாங்குகிற லாக்கரின் இரண்டு தகட்டுக்கும் நடுவே காங்கிரீட் போன்ற கலவை நிரப்பியிருப்பார்கள். துளை போட்டால் சூடு உள்ளே வர வழி கிடைக்கும், வாரண்டியும் போகும். கதவில் ட்ரில் போட்டால் இன்னும் மோசம். யாரோ உடைக்கிறார்கள் என்று நினைத்து நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிற ஏற்பாடு சில லாக்கர்களில் உண்டு. ஆனால் பல லாக்கர்களுக்கு அடியிலோ பின்னாலோ தரையோடு போல்ட் போடக் கம்பெனியே துளை விட்டிருக்கும். அதில் ஒன்று காலியாக இருந்தால் வயரை அதன் வழியாக விடுங்கள். எல்லாத் துளையிலும் போல்ட் இருந்தால் போல்ட்டைக் கழற்றாதீர்கள், பேட்டரி லைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவு இடுக்கு வழியாக வயர் விடுகிறவர்களும் உண்டு. லாக்கர் கதவுக்கு அந்த இடுக்கு கிடையாது, வயர் நசுங்கும், கதவும் முழுக்கச் சாத்தாது.

"ஸ்ட்ரிப் எத்தினி மீட்டர், அடாப்டர் எத்தினி ஆம்ப்?"

பெட்டியில் ஒரு மீட்டருக்கு எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 4.8 வாட், 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 60 சென்டிமீட்டர் உயரமுள்ள லாக்கருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 1.2 மீட்டர், 5.8 வாட், அரை ஆம்பியர்கூட இல்லை. 1 ஆம்ப் அடாப்டர் தாராளம். ஆறரை அடி பீரோவுக்கு இரண்டு பக்கமும் 3.6 மீட்டர் என்றால் 17 வாட்டுக்கு மேல், 1.44 ஆம்பியர். 2 ஆம்ப் எடுங்கள். இந்த இழுப்புக்குச் சின்னக் காந்த சுவிட்ச் தாங்காது. முனைகள் ஒட்டிக்கொண்டால் கதவு மூடியும் எரிந்துகொண்டே இருக்கும். அழுத்து சுவிட்ச்தான்.

ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. மீட்டருக்கு 60 பல்பு உள்ள 12 வோல்ட் பட்டையில் மூன்று பல்புக்கு ஒரு முறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும், இரும்பில் பட்டால் ஷார்ட். சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி மூடுங்கள். ரிச்சி தெருவில் ஸ்ட்ரிப் வாங்கும்போதே ஸ்லீவும் ஒரு முழம் வாங்கிவிடுங்கள்.

"நகைக்கு மஞ்ச லைட்டா வெள்ள லைட்டா?"

தங்கம் மட்டும் என்றால் 3000 கெல்வின் மஞ்சள், பார்க்க அழகாக இருக்கும். வெள்ளி, வைரக்கல், பத்திரம் எல்லாம் கலந்து வைப்பவர்கள் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவான 4000 கெல்வின் எடுங்கள். 6500 கெல்வின் நீல வெள்ளையில் தங்கம் பித்தளையாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

எம்.சி. ரோட்டில் எடுத்த சேலை அரக்கா காபி கலரா என்று பீரோவில் தெரியவில்லை என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். அது மஞ்சள் வெள்ளைப் பிரச்சினை இல்லை. சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் என்று எழுதியிருக்கிற ஸ்ட்ரிப் வாங்கினால் அரக்கு அரக்காகவே தெரியும்.

"காசிமேட்டுல வூடு. உப்புக் காத்துல ஒரு வருசம்கூட நிக்க மாட்டேங்குது."

கழற்றிக் கொண்டு வந்த ஸ்ட்ரிப்பைப் பார்த்தால் காரணம் கண்ணில் தெரியும். பல்பு ஒவ்வொன்றும் நன்றாக இருக்கும். வயரும் ஸ்ட்ரிப்பும் சேருகிற இடத்தில், அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புக்குள், பச்சையாகப் பொரிந்துபோயிருக்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் கிளிப் கனெக்டர் வேலைக்கு ஆகாது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள். ஸ்ட்ரிப்பும் ஐபி65, அதாவது மேலே சிலிக்கான் பூச்சு உள்ளது.

முனையை மூட சிலிக்கான் பேஸ்ட் வைக்கிறீர்கள் என்றால் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் வேண்டாம். காயும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வரும், மூடிய பெட்டிக்குள் செம்பையும் மற்ற உலோகத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியது தனியாகக் கிடைக்கிறது.

"லைட்டு சூட்டுல ஈரம் போயிடும்னு சொன்னாங்களே?"

குண்டு பல்பு காலத்துப் பேச்சு அது. எல்இடி நான்கு நிமிடம் எரிந்து ஒரு ஈரமும் காயாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறுகிற வகை என்றால் எப்போது மாற்றுவது என்று அதுவே சொல்லும்.

"நான் ரிட்டையர்டு மிலிட்டரி. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கேன், அந்தப் பெட்டிக்கும் இதேதானா?"

லைட் வேலை அதேதான், சில வித்தியாசங்களோடு. நீளத் துப்பாக்கி நிமிர்ந்து நிற்கும், மேலே ஒட்டிய லைட் குழாய் முனையைத்தான் காட்டும். முன்பே சொன்ன இரண்டு பக்கச் செங்குத்துப் பட்டை இங்கே கட்டாயம். வெளிநாட்டு வகைப் பெட்டிகளில் உள்ளே கம்பளம் மாதிரித் துணி ஒட்டியிருக்கும், டேப் பிடிக்காது, காந்தமும் சரியாக நிற்காது. கொக்கிப் பட்டை (வெல்க்ரோ) ஒட்டுங்கள். அந்தப் பெட்டிகள் பலவற்றில் பின்னால் வயருக்கென்றே துளை விட்டிருப்பார்கள், அது வசதி. எண்ணெய் துடைத்த கையோடு ஸ்ட்ரிப்பைத் தொடாதீர்கள், ஒட்டாது. வயர் எதுவும் ஆயுதத்தின் மேல் தொங்கவோ சிக்கவோ கூடாது. வேலை தொடங்கும் முன் துப்பாக்கியையும் தோட்டாவையும் வெளியே எடுத்து வேறு பூட்டில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைத்தான் எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். தேர்தல் நேரத்தில் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களே, அந்த வாரங்களில் பெட்டி காலியாகத்தான் இருக்கும். இந்த வேலைக்கு அது தோதான சமயம்.

"அடாப்டர் மாட்டினதுலேர்ந்து பீரோவத் தொட்டா லேசா சுருக்குங்குது. பயமா கீது."

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பேசுவோம். இரண்டு முள் அடாப்டர்களில் மெயின் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர் இருப்பது வழக்கம். அதன் வழியாக மிகக் குறைந்த கரண்ட் கசியும். ஸ்ட்ரிப்பின் வெட்டிய முனையோ பற்றவைத்த இடமோ இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கசிவு பீரோ முழுக்க வரும், ஈரக்கையில் சுருக்கென்று தெரியும்.

ஆனால் அதே சுருக்கு, அடாப்டர் உள்ளே பழுதாகி மெயின் கரண்டே வருவதாகவும் இருக்கலாம். கையால் தொட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. அந்த அடாப்டரைத் திரும்பச் சொருகாதீர்கள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, வேறு நல்ல அடாப்டர் போட்டு, ஸ்ட்ரிப் எங்கே இரும்பைத் தொடுகிறது என்று மல்டிமீட்டரில் தேடி, பீரோவுக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இப்போது குழாயெல்லாம் பிளாஸ்டிக், அது எர்த்தே இல்லை.

"டிஜிட்டல் லாக்குக்குள்ள நாலு பேட்டரி கீதே, அதுலேர்ந்தே லைட்டுக்கு எடுத்துக்கலாமா?"

புத்திசாலித்தனமான கேள்விதான், ஆனால் கூடாது. பூட்டு ஒரு தடவை திறக்க ஒரு நொடி இழுக்கிறது, லைட் நிமிடக்கணக்கில் இழுக்கும். மேலே போட்ட கணக்கை வைத்துப் பாருங்கள், பூட்டு பேட்டரி வருடம் முடியும் முன்பே படுத்துவிடும். அப்போது இருட்டாவது லைட் மட்டுமில்லை, லாக்கரும் திறக்காது. அவசரச் சாவியை அந்த லாக்கருக்குள்ளேயே பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு இங்கே வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கடையில் மருந்து கிடையாது, லாக்கர் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.